கிட்னிக்கும் முட்டு வலிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஆலங்குளத்துக்காரன், 2 ஜூன் 2024

அம்மாவுக்கு 58 வயசு. பீடி சுத்துதாவ. சர்க்கரை ரொம்ப வருசமா இருக்கு. போன மாசம் பாத்ததுல, ரத்தத்துல கிட்னி கழிக்க வேண்டிய கழிவு, கிரியாட்டினின் 2.9. உப்பு கூடிருக்கு, டயாலிசிஸ் இப்ப வேண்டாம், சாப்பாட்டைப் பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அம்மாவுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு வலிதான். முட்டு, இடுப்பு, தோள்பட்டை, கை விரல் எல்லாம் குடையுது, ராத்திரி தூக்கமில்ல. கடையில ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டா ரெண்டு நாள் நல்லா இருக்காவ. "கிட்னிக்கும் முட்டுக்கும் என்னலே சம்பந்தம், வயசானா வலிக்கத்தான் செய்யும்"ங்காரு சித்தப்பா. சரிதானா?

பதில்: சேரன்மாதேவிக்காரி

2 ஜூன், ராத்திரி

சரியில்ல தம்பி. அந்த செட்டு மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. மீதியைக் காலையில எழுதுறேன்.

3 ஜூன், காலை

செட்டு மாத்திரைன்னா அட்டை இல்லாம உதிரியா காகிதத்துல மடிச்சுத் தர்றது. பேரே தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இல்லன்னா அசிக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு, கூடவே சின்னதா ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. "போட்ட உடனே கேக்குது"ன்னு சனங்க சொல்றது அந்தச் சின்ன மாத்திரையோட வேலை. சர்க்கரைக்காரங்களுக்கு அது சர்க்கரையை எங்கேயோ கொண்டு போயிரும்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை ஏன் ஆகாதுன்னா, கிட்னிக்குள்ள ரத்தம் போற நுண்குழாய் சுருங்காம விரிஞ்சே இருக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்கும். நல்ல கிட்னி அது இல்லாமலும் சமாளிக்கும். பாதி கெட்ட கிட்னி அதை நம்பித்தான் ஓடுது. இந்த மாத்திரை அந்தப் பொருளையே நிறுத்திரும். அம்மா பிரஷருக்கு டெல்மிசார்டான், லோசார்டான் மாதிரி எதாவது போட்டு, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் போட்டு, அதுக்கு மேல வலி மாத்திரையும் போட்டா மூணும் சேந்து கிட்னியை அமுக்கும். 2.9 ஒரே வாரத்துல 5 ஆகி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை எங்க டயாலிசிஸ் அறையில பாத்திருக்கேன். அதுல சிலர் திரும்பி வெளிய போனாங்க, சிலர் எங்களோடயே தங்கிட்டாங்க.

எனக்கும் சர்க்கரையாலதான் கிட்னி போச்சு. தையல் தொழில். வாரம் மூணு நாள் பாசஞ்சர் ஏறி பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் எடுத்துட்டு வர்றேன். இந்த வலி எல்லாம் எனக்குப் பழகினது.

3 ஜூன், மத்தியானம்

சித்தப்பா கேட்டதுக்கு வர்றேன். சம்பந்தம் நிறைய இருக்கு.

கிட்னி மூத்திரம் பிரிக்க மட்டும் உள்ளது இல்ல. சாப்பாட்டுல வர்ற பாஸ்பரஸை வெளிய தள்ளும். வைட்டமின் டி-யைக் கடைசியா வேலைக்கு ஆகுற மாதிரி மாத்திக் குடுக்கும். உடம்புல சேர்ற அமிலத்தைக் கழிக்கும். கிட்னி தளர்ந்தா மூணும் தளரும். பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கப் பாக்கும். அப்ப கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி இருக்கிற பாராதைராய்டுன்னு நாலு சின்னச் சுரப்பி முழிச்சுக்கும். அது பி.டி.ஹெச்.னு ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்புல இருக்கிற கால்சியத்தை எடுத்து ரத்தத்துல விடும். கொஞ்ச நாளைக்குப் பரவாயில்ல. வருசக்கணக்கா நடந்தா எலும்பு பலமிழந்து இடுப்பு, விலா, குதிகால் எல்லாம் உள்ளுக்குள்ள கடுக்கும். எடுத்த கால்சியம் ரத்தக் குழாய்லயும் மூட்டைச் சுத்தியும் போய்ப் படியும். உடம்பு அரிப்புக்கும் இதுல பங்கு உண்டு.

இது டயாலிசிஸ்ல உள்ளவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. அம்மாவோட வயசுக்கு 2.9-ன்னா கிட்னி 20 சதவீதத்துக்கும் கீழே வேலை செய்யுதுன்னு அர்த்தம், கிட்னி நோயோட நாலாவது கட்டம். பி.டி.ஹெச். அதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிரும். ஆனா கேட்டாத்தான் இந்த டெஸ்ட்டை எழுதுறாங்க. கேளுங்க: கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.ஹெச்., யூரிக் ஆசிட், பைகார்பனேட், பொட்டாசியம்.

5 ஜூன்

வலி ஒரு பக்கம். பலம் போறது இன்னொரு பக்கம், அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

வீரவநல்லூர்ல ஒரு கல்யாணம். பந்தியில தரையில உக்காந்து சாப்பிட்டேன். இலையை மூடிட்டு எந்திரிக்கப் பாத்தா முடியல. வலி எதுவும் இல்ல. தொடை கேக்கவே இல்ல. கையை முன்னால ஊணி, ஒரு முழங்காலைப் போட்டு, பக்கத்துல இருந்த தூணைப் பிடிச்சு எந்திரிச்சேன். அதுக்கு முன்னாடியே ரயில் படி ஏறும்போது கம்பியைப் பிடிச்சு உடம்பை இழுக்க ஆரம்பிச்சிருந்தேன். தலை சீவ கையைத் தூக்கினாலும் தோள் சீக்கிரம் ஓஞ்சு போகும். ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன், தலையை நிமிர்த்தாமலே "வயசாகுதுல்லம்மா"ன்னாரு. இன்னொருத்தர் நாற்காலியில உக்காந்து, கையைக் கட்டிக்கிட்டு எந்திரிக்கச் சொன்னாரு. எந்திரிக்க முடியல. பி.டி.ஹெச். பாத்தாங்க, 1100-க்கு மேல. சாதாரணமா அது 65-ஐ ஒட்டி நிக்கணும். டயாலிசிஸ்ல உள்ளவங்களுக்கு அந்த மேல்வரம்பைப் போல 2 மடங்குல இருந்து 9 மடங்கு வரை பொறுத்துக்கிடலாம்பாங்க. எனக்கு அதையும் தாண்டிருச்சு.

பி.டி.ஹெச்.சை இறக்க சினகால்செட்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. வயித்தைப் புரட்டும், ராத்திரி சாப்பாட்டோட போட்டுப் பழகினேன். கூடவே பாஸ்பரஸை இறக்கினோம். மாசக்கணக்குல தொடைக்குப் பலம் திரும்புச்சு. மாத்திரைக்கு அடங்காதவங்களுக்கு அந்தச் சுரப்பியை ஆபரேசன் பண்ணி எடுக்கிறதும் உண்டு.

உக்காந்து எந்திரிக்கிறது, படி ஏறுறது, கையைத் தலைக்கு மேல தூக்குறது. இந்த மூணுல எது அம்மாவுக்கு முடியலன்னு பாத்து டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லுங்க. "அசதியா இருக்கு"ன்னு சொன்னா ஒரு சத்து மாத்திரையோட அனுப்பிருவாங்க.

6 ஜூன்

"நம்ம ஊரு வெயிலுக்கு வைட்டமின் டி பத்தாமப் போகுமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. வெயில் தோல்ல உண்டாக்குறது பாதி வேலைதான். ஈரல் ஒரு கட்டம், கிட்னி கடைசிக் கட்டம். கிட்னி கெட்டவங்க ராதாபுரம் செம்மணல் தேரியில நாளெல்லாம் நின்னாலும் கடைசிக் கட்டம் முழுசா நடக்காது. அதுக்காகத்தான் கால்சிட்ரியால்னு முடிச்ச மருந்தாவே குடுக்காங்க. அதையும், கால்சியம் மாத்திரையையும் கடையில தானா வாங்கிப் போடக் கூடாது. ரத்தத்துல கால்சியம், பாஸ்பரஸ் அளவு தெரியாமப் போட்டா குழாய்ல படியுறதுதான் கூடும்.

9 ஜூன்

தம்பி கை விரல் பத்திக் கேட்டதை விட்டுட்டுப் போக மனசில்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்து, எரிஞ்சு, எந்திரிச்சு உக்காந்து கையை உதறினா கொஞ்சம் தெளியுதான்னு அம்மாகிட்ட கேளுங்க. ஆமான்னா மணிக்கட்டுல நரம்பு நெருக்குது, கார்ப்பல் டனல்னு பேரு. டயாலிசிஸ்காரங்களுக்கு இது வர்றதை 1975-லயே எழுதி வச்சிருக்காங்க. 1985-ல ஜப்பான்ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க: பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்னு ஒரு புரதம், கிட்னி கழிக்க வேண்டியது, கழியாம மூட்டுலயும் மணிக்கட்டுலயும் படியுது. தோள்பட்டைக்குள்ள ராத்திரியில குடையுற குடைச்சலும் இதுல சேத்தி. ஆனா அது டயாலிசிஸ்ல பல வருசம் ஓட்டினவங்களுக்கு. அம்மா இன்னும் டயாலிசிஸ்க்கே வரல. அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அதோட பீடி.

முக்கூடல் பக்கத்துல எங்க மதினி பீடி சுத்துறதைக் கிட்ட உக்காந்து பாத்திருக்கேன். இலையைக் கத்தரிச்சு, தூளை வச்சு, ரெண்டு கையிலயும் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் உருட்டிக்கிட்டே இருக்கும். நுனியைக் குச்சியால குத்தி மடக்குறப்ப மணிக்கட்டு உள்பக்கமா வளைஞ்சே நிக்கும். ஆயிரம் பீடிக்கு ஆயிரம் தடவை. நரம்பு நெருக்காம இருந்தாத்தான் அதிசயம்.

இன்னொண்ணு. அம்மாவை வணக்கம் வைக்கச் சொல்லுங்க. ரெண்டு உள்ளங்கையும் விரலும் முழுசா ஒட்டணும். நடுவுல இடைவெளி விட்டு விரல் வளைஞ்சு நின்னா சர்க்கரையால விரல் மூட்டும் தோலும் இறுகிருக்கு. அதுக்கு வலி மாத்திரை பிரயோசனமே இல்ல, விரலை நீட்டி மடக்குற பயிற்சிதான். நரம்பு நெருக்கத்துக்கு ராத்திரியில மணிக்கட்டை நேரா வைக்கிற பட்டை கட்டினா நிறையப் பேருக்குத் தேறும். தேறலன்னா சின்ன ஆபரேசன். விரல் மெலிஞ்சு, கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதை குழி விழுந்துட்டா தாமசம் பண்ணாதீங்க.

10 ஜூன்

"அப்ப வலிக்கு எதைத்தான் போட"ன்னு அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி கோவமாக் கேட்டிருக்காரு. நியாயமான கோவம். வலியைப் பொறுத்துக்கோன்னு நான் சொல்ல மாட்டேன், பொறுத்தவ நான்.

தனிப் பாரசிட்டமால், அட்டையோட வாங்கினது. 500 மில்லிகிராம், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் 6 மணி நேரம் இடைவெளி. எதுவானாலும் ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கம், ஈரல் கோளாறு உள்ளவங்க அதுக்கும் கீழே. அட்டையில "பிளஸ்"னு இருந்தா கூட என்ன கலந்திருக்குன்னு படிங்க. சுடுதண்ணி ஒத்தடம் நல்லது, ஆனா சர்க்கரைக்காரங்களுக்குச் சூடு உறைக்காது, வேற ஆள் கை வச்சுப் பாத்துட்டுக் குடுங்க. இதுக்கும் அடங்காத வலிக்கு கிட்னி டாக்டர்கிட்ட வேற மருந்து இருக்கு, அளவைக் குறைச்சுத் தருவாங்க.

14 ஜூன்

இன்னைக்கு டயாலிசிஸ்ல குறக்களி, அதான் சதைப் பிடிப்பு, பிடிச்சிருச்சு. கை நடுங்குறது நின்னதும் எழுதுறேன்.

மூணாவது மணி நேரம் முடியுற நேரம். முதல்ல பெருவிரல் தானா மேல நிமிர்ந்துச்சு. அடுத்த நொடி கெண்டைக்கால் ஆட்டுக்கல்லு மாதிரி இறுகி, சதை தோலுக்கு அடியில ஒரு பக்கமா ஒதுங்குறது கண்ணுக்கே தெரிஞ்சுது. சத்தம் போட்டேன். சிஸ்டர் ஓடி வந்து பாதத்தை உள்ளங்கையால முட்டுப் பக்கமா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால மிஷின்ல நீர் இழுக்கிறதை நிறுத்தினாங்க. சலைன் கொஞ்சம் உள்ள போச்சு. சதை மெதுவா இளகுச்சு. வலி போன பிறகும் அந்த இடம் ரெண்டு நாளைக்குக் கன்னிப்போய்க் கிடக்கும்.

பக்கத்து படுக்கையில கல்லிடைக்குறிச்சி தாத்தா. அவருக்குப் பிடிச்சப்ப சிஸ்டர் ஒரு காலையும் டெக்னீசியன் ஒரு காலையும் அமுக்க, "கால் பிடிக்க ரெண்டு ஆளு நிக்காவ, நான் ஜமீன்தாருல்லா"ன்னாரு. அறையே சிரிச்சுது, வலியோட அவரும்.

15 ஜூன்

சிஸ்டர் வேகமா ஓட்டினதாலதான் குறக்களின்னு ஒருத்தர் சொல்லுறாரு. வேகம்தான் காரணம். ஆனா அந்த வேகத்தை யார் தீர்மானிக்கிறது? நாம ஏத்திக்கிட்டு வர்ற தண்ணி.

ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல நீர் இழுத்தா உடம்பு தாங்காதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 55 கிலோ ஆளுக்கு மணிக்கு 715 மில்லி. 4 மணி நேரத்துக்கு 2.8 லிட்டர் சொச்சம். ரெண்டு நாள் இடைவெளியில 4 கிலோ ஏறி வந்தா, 4 மணி நேரத்துல அதை இழுக்கிறப்ப சதைக்குப் போற ரத்தம் குறையும், சதை சுருண்டு பிடிக்கும். தாகத்தை அடக்குறது மனவுறுதியால நடக்காது. உப்பைக் குறைச்சாத்தான் தாகம் அடங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் விட்ட பிறகுதான் எனக்கு ஏறுற எடை 2 கிலோவுக்குள்ள நின்னுச்சு. ட்ரை வெயிட்டையும், அதாவது தேங்கின நீர் போன பிறகு நிக்க வேண்டிய எடையையும், அப்பப்ப பாக்கச் சொல்லணும். சாப்பாடு தேறி உடம்பு பூசினது தெரியாமப் பழைய எடைக்கே இழுத்தாலும் குறக்களி வரும்.

வீட்டுல ராத்திரி பிடிக்கிற குறக்களி வேற. ராத்திரி காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு தோணுற உளைச்சலும் வேற. அது சும்மா உக்காந்தாலோ படுத்தாலோதான் வரும், எந்திரிச்சு நடந்தா போயிரும். இரும்புச் சத்துக் குறைஞ்சிருந்தா கூடும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

21 ஜூன்

முட்டு வலிக்கு ஆட்டுக்கால் சூப் குடுக்கலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு.

எங்க அண்ணன் கதையைச் சொல்லுறேன். கிரியாட்டினின் 2-க்கு மேல. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோட போய்க் காரையார் பக்கம் தங்கி, கிடா வெட்டி, ரெண்டு நாள் கறியும் சூப்புமாச் சாப்பிட்டுட்டு வந்தான். வந்த ராத்திரியே பெருவிரல் அடிக்கணு செவசெவன்னு வீங்கிருச்சு. போர்வை நுனி பட்டாலும் அலறுறான். பூச்சி கடிச்சிருக்கும்னு மஞ்சள் பத்துப் போட்டாங்க. அது யூரிக் ஆசிட் வாதம், கவுட். யூரிக் ஆசிட்ல பெரும்பகுதியைக் கழிக்கிறது கிட்னி. கிட்னி தளர்ந்தா தேங்கும், நீர் மாத்திரை அதை இன்னும் தேக்கும், ஈரலும் குடலும் கறிச்சாறும் மேல கொட்டும். யூரிக் ஆசிட்டா மாறுறது கறியில உள்ள ப்யூரின்கிற பொருள், அது தண்ணியில கரைஞ்சு இறங்குற சரக்கு, அதனால துண்டைத் தின்னாமச் சூப்பைக் குடிச்சாலும் தப்ப முடியாது. கூட உப்பு.

கிட்னி உள்ளவங்களுக்குக் கவுட் வீக்கத்தை அடக்க, கொல்கிசின் குறைஞ்ச அளவுல, இல்லன்னா சில நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு, டாக்டர் கண்காணிப்புல. அப்புறம் யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே கொண்டு வர அலோபியூரினால், 100 மில்லிகிராமோ அதுக்கும் கீழேயோ ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க. ஆரம்பிச்ச நாள்கள்ல உடம்புல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா அடுத்த மாத்திரையைப் போடாம நேரா ஆஸ்பத்திரி. அண்ணன் இப்ப நல்லா இருக்கான். கோயிலுக்குப் போறான், பொங்கல் சாப்பிடுறான்.

22 ஜூன்

கொல்கிசின்னு எழுதினதுக்கு ஒரு சேர்க்கை. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் போடுறவங்க கிட்னியும் கெட்டு, கொல்கிசினும் சேந்து போட்டா சதையே நோவும், பலம் போகும். சி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினா, கொல்கிசின் போடுறதை அவசியம் சொல்லணும், ரெண்டும் சேந்தா ஆபத்து. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை குதிகால் தசைநாரை அறுத்து விடக்கூடியது, அதைப் போடுறப்ப குதிகால்ல புதுசா வலின்னா உடனே சொல்லுங்க.

30 ஜூன்

குற்றாலத்துல சீசன் களை கட்டிருச்சு. அருவிக்கரைப் பழக்கடையைப் பாத்ததும் இதை எழுதணும்னு தோணுச்சு. ஸ்டார் ஃப்ரூட் கிட்னிக்காரங்க ஒரு துண்டு கூடத் தொடக் கூடாது. அதுல உள்ள நஞ்சு கிட்னி வழியாத்தான் கழியணும். கழியலன்னா நிக்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும்.

இளநீர், பதநீர், வாழைப்பழம் எல்லாம் பொட்டாசியம். பொட்டாசியம் கூடினா பல நேரம் வெளிய ஒண்ணும் தெரியாது, சிலருக்குக் கால்ல தெரியும். ரெண்டு காலும் திடீர்னு தொவண்டு, நிக்க முடியாமப் போனா மூட்டுக்கோளாறுன்னு தைலம் தேய்ச்சு உக்காந்திராதீங்க. அது நெஞ்சை நிறுத்திரும். அப்படியே தூக்கிக்கிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. அதே மாதிரி காய்ச்சலோட ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடா வீங்கினா, அதுலயும் கழுத்துல குழாய் போட்டு டயாலிசிஸ் பண்றவங்களுக்கு வந்தா, மூட்டுக்குள்ள கிருமி போயிருக்கும். அன்னைக்கே காட்டணும்.

7 ஜூலை

தம்பி ரிப்போர்ட் போட்டிருக்காரு. பாஸ்பரஸ் 5.4, கால்சியம் 8.3, பி.டி.ஹெச். 260, யூரிக் ஆசிட் 8.2, பைகார்பனேட் 16. அம்மா செட்டு மாத்திரையை விட்டு ஒரு மாசம் ஆச்சு, கிரியாட்டினின் 2.5-க்கு இறங்கிருக்கு. படிச்சதும் எனக்குக் கண் கலங்கிருச்சு.

சித்தப்பாகிட்ட இந்தக் காகிதத்தைக் காட்டுங்க. இதுல என் கண்ணுக்கு முதல்ல படுறது ரத்தத்துல அமிலத்தைச் சமன் பண்ற பைகார்பனேட், 16. குறைஞ்சது 22 இருக்கணும். அமிலம் தேங்கினா உடம்பு சதையைக் கரைச்சும் எலும்பைக் கரைச்சும்தான் அதைச் சமன் பண்ணும். சோடியம் பைகார்பனேட்னு விலை மலிவான மாத்திரை உண்டு. அம்மாவுக்கு அது எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. யூரிக் ஆசிட் 8.2-ன்னு பாத்து வாத மாத்திரைக்குப் போயிராதீங்க. மூட்டு செவந்து வீங்காத வரை வெறும் எண்ணுக்காக அதைத் தொடங்குறதில்ல.

பாஸ்பரஸுக்கு மாத்திரை குடுத்தா சாப்பாட்டோடயே போடணும். பாஸ்பரஸைக் குடல்லயே பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. படுக்கப் போறப்ப வெறும் வயித்துல போட்டா பிடிக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது. கருவாடு, முள்ளோட தின்னுற நெத்திலி, கோலா குளிர்பானம், பாக்கெட்டுல வர்ற பதப்படுத்தின கறி முதல்ல போகட்டும். பருப்பை அடியோட நிறுத்திராதீங்க, அதுல உள்ள பாஸ்பரஸ் உடம்புல குறைவாத்தான் ஏறும். பயந்து எல்லாத்தையும் நிறுத்தினவங்க சதை வத்தி, வலி கூடித்தான் வந்தாங்க.

8 ஜூலை

அம்மா பீடி சுத்துறதை நிறுத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. அந்த வருமானம் இல்லாம மருந்து வாங்க முடியாதுன்னும் எழுதியிருக்கீங்க. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல. தரையில சம்மணம் போட்டு மடியில தட்டை வைக்கிறதை மாத்துங்க. முதுகு சாயுற நாற்காலி, இடுப்பு உயரத்துல ஒரு ஸ்டூல், அதுல தட்டு. அரை மணிக்கொரு தடவை எந்திரிச்சு விரலை விரிச்சு மடக்கணும், நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும், உக்காந்து எந்திரிக்கணும், முதல்ல அஞ்சு தடவை போதும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல 2021-ல இருந்து வீட்டுக்கே பிசியோதெரபி பண்ண வர்றாங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மா பேரைக் குடுங்க. வர்றவங்ககிட்ட கை, தோள், தொடை மூணையும் காட்டுங்க, முழங்காலை மட்டும் காட்டி அனுப்பிராதீங்க.

அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போறப்ப ஒரு சீட்டுல எழுதிக் கொண்டு போங்க: பைகார்பனேட் மாத்திரை, மணிக்கட்டு நரம்புக்கு டெஸ்ட், அம்மாவுக்குத் தரையில இருந்து எந்திரிக்க முடியலன்னா அது. மூணுக்கும் பதில் வாங்காம வெளிய வராதீங்க.